புதுக்கோட்டைக்கும் ஒரு கடல் உண்டு

புதுக்கோட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, தொண்டைமான் மன்னர்கள், அம்மன் காசு... சாப்பாட்டுப் பிரியராக இருந்தால் முட்டை மாஸ். இன்னும் கொஞ்சம் யோசித்தால் காய்ந்த கண்மாய், கருவேல மரம்.

கடல் ஞாபகம் வருமா? வராது! வெளியூர்க்காரர்களை விடுங்கள், புதுக்கோட்டை டவுனில் பிறந்து வளர்ந்த என் வகுப்பு நண்பர்களுக்கே வராது. "கடல் பார்க்கணும்னா வேளாங்கண்ணி போகணும், இல்லைன்னா ராமேஸ்வரம் போகணும்" என்பார்கள். இத்தனைக்கும் எங்கள் பி.காம். வகுப்பிலேயே கடற்கரை ஊர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரை இருக்கிறது. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், ஆர்.புதுப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்று ஊர்கள் வரிசையாக வரும். எத்தனை 'பட்டினம்' என்று எண்ணிப் பாருங்கள். பட்டினம் என்றாலே கடற்கரை ஊர், வணிகம் நடந்த ஊர் என்றுதான் பொருள். ஆனால் பட்டினம் என்றால் நமக்குக் காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும்தான். நம் வீட்டுக் கொல்லையில் இருப்பவை பேப்பரில் மட்டும் வரும். அதுவும் ஒரே மாதிரி தலைப்பில்: "கோட்டைப்பட்டினம் மீனவர்கள் கைது", "ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் சிறைபிடிப்பு".

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தச் செய்தியை நாம் ஏதோ வெளியூர்ச் செய்தி போலப் படிப்பதை நிறுத்த வேண்டும். அது நம் ஊர்ச் செய்தி.

முதலில் கொஞ்சம் சரித்திரம்.

1898ஆம் ஆண்டு கறம்பக்குடி பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. ஒன்றிரண்டு அல்ல, 501 ரோமானியத் தங்கக் காசுகள்! ரோம் எங்கே, கருக்காக்குறிச்சி எங்கே? கடல் வழியாக வியாபாரம் நடக்காமல் அந்தக் காசு இங்கே வந்திருக்க முடியாது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில் இவ்வளவு தங்கம் இருந்தது என்றால், கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்றுதானே அர்த்தம்?

அடுத்து ஆவுடையார்கோயில். பழைய பெயர் திருப்பெருந்துறை. 'துறை' என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டிய மன்னன் குதிரை வாங்கி வரச் சொல்லிப் பணம் கொடுத்து அனுப்புகிறான். அமைச்சர் இங்கே வந்து குருவைக் கண்டு, அந்தப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்து விடுகிறார். (எங்கள் ஆடிட்டிங் சார் கேட்டால் என்ன சொல்வாரோ!) பிறகு நரி பரியான திருவிளையாடல். பக்தியோடு படிப்பவர்கள் படிக்கட்டும். ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்குப் படுவது வேறு. குதிரை வாங்க ஓர் அமைச்சர் ஏன் மதுரையிலிருந்து கிழக்கே வர வேண்டும்? குதிரை கப்பலில் வந்து இந்தக் கரையில்தான் இறங்கும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும் குதிரை இறக்குமதியைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரியாததால் அவை சீக்கிரமே செத்துப் போகும், அதனால் வருடா வருடம் புதிதாக வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்கிறார். எங்கள் பாஷையில் சொன்னால் தேய்மானம் ரொம்ப அதிகமான சொத்து. விற்றவனுக்குத்தான் லாபம்.

கோட்டைப்பட்டினத்துக்குப் போனால் ராவுத்தர் அப்பா தர்கா இருக்கிறது. கந்தூரி சமயத்தில் எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். ராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள். ஒரு பக்கம் குதிரைக் கதையோடு ஒரு சிவன் கோயில், கொஞ்ச தூரத்தில் ராவுத்தர் பெயரில் ஒரு தர்கா. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கரை எப்படி வாழ்ந்தது என்று ஓரளவு புரியும்.

அப்படியானால் நாம் ஏன் மறந்தோம்?

காரணம் ரொம்ப சிம்பிள். தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. நான்கு பக்கமும் நிலம். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது திருச்சி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். அப்போது அறந்தாங்கியும் அதற்குக் கிழக்கே உள்ள கடற்கரையும் தஞ்சாவூர் மாவட்டம். 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பகுதியைப் பிரித்து நம்மோடு சேர்த்தார்கள். அன்றைக்குத்தான் நமக்குக் கடல் கிடைத்தது. ஆனால் நம் மனசில் இருக்கும் வரைபடம் இன்னும் சமஸ்தான வரைபடம்தான். பள்ளிக்கூடச் சுற்றுலா சித்தன்னவாசலோடு முடிந்துவிடுகிறது.

இனிமேல் சொல்லப் போவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம்.

நமக்குக் கடல் கிடைத்த அதே 1974இல், ஆறாவது மாதத்தில், அந்தக் கடலில் ஒரு கோடு போட்டார்கள். ஜூன் 26, 28 தேதிகளில் இந்திராகாந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் எல்லை வகுக்கப்பட்டது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. கச்சத்தீவுக்கு இந்திய மீனவர்களும் பக்தர்களும் போய் வரலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1976இல் வந்த அடுத்த ஒப்பந்தமும் அதோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களும் ஒருவர் கடலில் இன்னொருவர் மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன.

ஜனவரியில் கடல், ஜூனில் கோடு! கச்சத்தீவைப் பற்றி மேடை போட்டுப் பேசாத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்தக் கோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் கதையும்கூட என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

சரி, இன்றைய வாழ்க்கைக்கு வருவோம்.

கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் அடுத்தடுத்த ஊர்கள். ஈசிஆர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், கொஞ்சம் மீன் வாசம், அவ்வளவுதான் தெரியும். இறங்கிப் போனால் விசைப்படகுகள் நிற்கும் தளம். கடலுக்குப் போகிற நாளில் மீன்வளத்துறை டோக்கன் வாங்கி, டீசல், ஐஸ், தண்ணீர், சாமான் ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. வந்ததும் இறால், நண்டு, கணவாய், மீன் என்று தரம் பிரிப்பார்கள். ஏலம் நடக்கும். நல்லதெல்லாம் கம்பெனி வண்டியில் ஏறிவிடும். அறந்தாங்கி மார்க்கெட்டுக்கு மிச்சம் வரும். கூடை தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற அம்மாக்களை அறந்தாங்கி பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். (மீன் வாசம் என்று மூக்கைப் பிடிக்கும் கனவான்களையும் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் அதே மீனைத்தான் வீட்டில் கேட்பார்கள்!)

மீனுக்கு அடுத்த வருமானம் வெளிநாடு. மலேசியா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா. வீட்டுக்கு ஒருவர் வெளியே இருப்பது இந்தக் கரையில் புதிது அல்ல. கடலுக்குப் போகாத பையன் பாஸ்போர்ட் எடுக்கிறான். இரண்டும் இல்லாமல் உள்ளூரிலேயே பிழைக்க வழி என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அக்கவுண்டன்சி படிக்கிறவன் கணக்கு போடாமல் இருக்க முடியுமா?

பாக் கடலில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகலாம்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. வருடத்துக்கு 52 வாரம் என்றால் 156 நாள். இதில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் போகும் 26 நாளைக் கழித்தால் மிச்சம் 130 நாள். புயல் எச்சரிக்கை, காற்று, வேலைநிறுத்தம் எல்லாம் போக இன்னும் குறையும். தடைக்காலத்துக்கு அரசு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறது. 61ஆல் வகுத்தால் நாளைக்குச் சுமார் 131 ரூபாய்.

ஆக, பல லட்ச ரூபாய் முதலீடு வருடத்தில் 130 நாளுக்குள் சம்பாதித்தாக வேண்டும். டீசலும் ஐஸும் மீன் கிடைத்தாலும் செலவுதான், கிடைக்காவிட்டாலும் செலவுதான். படகில் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. செலவு போக மிஞ்சுவதில்தான் பங்கு. மிஞ்சாவிட்டால் பங்கும் இல்லை. பலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அந்தக் கடன் தீரும் வரை மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். இப்படி ஒரு நெருக்கடியில் இருக்கிறவனிடம் "கோட்டைத் தாண்டாதே" என்றால் அவன் என்ன செய்வான்? மீன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போவான்.

மீன் ஏன் இந்தப் பக்கம் இல்லை? இந்தக் கேள்வியை நம் ஊரில் சத்தமாகக் கேட்பதில்லை. கேட்டால் துரோகி என்பார்கள். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். பாக் விரிகுடா ஒரு ஆழமில்லாத கடல். பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். அடியில் கடற்புல் இருக்கும். மீன் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது. இழுவைமடி அடித்தரையைச் சுரண்டிக்கொண்டே போகும். பெரியது சின்னது எல்லாம் வரும். விற்க முடியாத பொடி மீனைச் 'சங்காயம்' என்று குவித்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். நாளைக்குப் பெரிதாக வேண்டிய மீன் இன்றைக்குத் தீவனமாகிறது. லாபத்திலிருந்து எடுக்காமல் முதலிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டால் கடை எத்தனை நாள் ஓடும்?

அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1983க்குப் பிறகு போர் நடந்த காலம் முழுக்க யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். அந்த இடைவெளியில் நம் விசைப்படகுகள் அங்கே பழகிவிட்டன. 2009இல் போர் முடிந்து அவர்கள் சின்னப் படகுகளோடு கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போனவை நம் இழுவைமடிகள். அவர்களும் தமிழர்கள்தான். மேடையில் ஈழத்துக்காகக் கண்ணீர் விடும் நாம் இதைப் பேசுவதே இல்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது.

இதைச் சொல்வதால் இலங்கைக் கடற்படை செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. 2021 ஜனவரி 18ஆம் தேதி கோட்டைப்பட்டினத்திலிருந்து கிளம்பிய ஒரு படகு திரும்பவில்லை. அதில் இருந்த நான்கு பேரும் இறந்து போனார்கள். கடற்படைக் கப்பல் மோதி மூழ்கடித்தது என்றார்கள் மீனவர்கள். தப்பிக்கப் பார்த்து அவர்களே மோதினார்கள் என்றது கடற்படை. இறந்தவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் அகதி. போருக்குப் பயந்து இந்தக் கரைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, மீன் பிடிக்கப் போய் அந்தக் கடலிலேயே செத்துப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் ஒரு கோட்டைப்பட்டினம் படகு. மூன்று பேரில் ஒருவர் இறந்தார், இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். எல்லை தாண்டியது குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அபராதம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. மரணம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அந்த நாட்களில் கடற்கரை ஊர்கள் கொதித்தன. டவுனில்? டீக்கடையில் பேப்பர் புரட்டினார்கள். இதுதான் என் வருத்தம்.

தீர்வே முயற்சிக்கவில்லையா என்றால், முயற்சித்தார்கள். 2017இல் பாக் பகுதி விசைப்படகுகளில் 2,000ஐ மூன்று வருடத்தில் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கையிலிருந்து 10 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பத்து சதவீதம் என்றால் 8 லட்சம் ரொக்கம். அதோடு 16 லட்சம் கடன். ஆழ்கடலுக்குப் போக இங்கிருந்து கோடியக்கரையையோ பாம்பனையோ சுற்றிப் போக வேண்டும். ஒரு நாளில் கரைக்கு வந்து பழகியவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். ஆயிரங்கால் தூண்டிலும் செவுள் வலையும் வேறு தொழில், வேறு பயிற்சி. அதைவிட முக்கியம், திட்டம் படகு உரிமையாளருக்குத்தான். படகில் கூலிப் பங்குக்குப் போகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் மூன்று விஷயம் சொல்வேன். இழுவைமடியை விட்டுவிட விரும்புகிறவரிடமிருந்து அரசே படகை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும். ஆழ்கடலுக்குப் போக விரும்பாதவர் நாட்டுப்படகு வாங்கவும், நண்டு வலைத் தொழிலுக்குப் போகவும், கரையிலேயே ஐஸ் பிளான்ட், பதப்படுத்தும் கூடம் வைக்கவும் அந்தப் பணம் உதவும். இரண்டாவது, கூலிப் பங்குக்குப் போகிறவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் தனியாக ஒரு பங்கு இருக்க வேண்டும். மூன்றாவது, இரண்டு கரை மீனவர்களும் முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேச வேண்டும். முன்பு பேசினார்கள், நின்றுபோனது. கொழும்பும் டெல்லியும் எழுதும் கடிதங்களைவிட இது பயன்படும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான (கடல் பசு) பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் பாதுகாப்பகம் இது! ஆவுளியா சாப்பிடுவது அதே கடற்புல்லைத்தான். புல் பிழைத்தால் ஆவுளியா பிழைக்கும், இறால் குஞ்சும் பிழைக்கும், நாட்டுப்படகுக்காரரும் பிழைப்பார். முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று நம் மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் போட்டால் இதெல்லாம் அதில் வர வேண்டாமா?

"டவுன்காரன் தெரிந்துகொண்டால் மட்டும் மீனவன் பிரச்சினை தீர்ந்துவிடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தீராது. ஆனால் ஒரு மாவட்டத்தின் பிரச்சினை என்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் விவசாயி நிற்பார், மாணவன் நிற்பான், வியாபாரி நிற்பார். மீனவர் பிரச்சினை என்றால் மீனவர் மட்டும் நிற்பார். இதுதான் வித்தியாசம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வந்தபோது தென்னந்தோப்புக்காரரும் படகுக்காரரும் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் இழந்தார்கள். புயலுக்கு டவுன், கடற்கரை என்ற பேதமெல்லாம் தெரியவில்லை. நமக்குத்தான் தெரிகிறது.

புதுக்கோட்டை நகரம் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. சந்தோஷம். அறந்தாங்கியில் இறங்கி பஸ் மாறினால் கடல் வந்துவிடும். அடுத்த லீவில் வேளாங்கண்ணிக்குப் பதில் ஒரு தடவை அங்கே போய் வாருங்கள். ஆவுடையார்கோயில் சிற்பத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கிழக்கே போங்கள். மறுநாள் காலை ஏலம் நடக்கும் நேரத்துக்குக் கோட்டைப்பட்டினத்தில் இருங்கள். மீன் வாங்குங்கள், பேரம் பேசாமல்! போன தடவை எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள், எவ்வளவு மிஞ்சியது என்று ஒருவரிடமாவது கேளுங்கள். அப்புறம் பேப்பரில் அந்தத் தலைப்பு வரும்போது நீங்களே முழுச் செய்தியையும் படிப்பீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். முக்கியமாக, கடற்கரை ஊர் நண்பர்கள் சொல்லுங்கள். என் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.